கம்பஸ் கிடைத்த பின் யாரைக் கேட்பது?

உயர்தரப் பெறுபேறு வெளிவந்த அன்று நம் ஊரில் கேட்கப்படும் முதற் கேள்வி, "இஸட் புள்ளி எவ்வளவு?" என்பதாகும். வெட்டுப்புள்ளி வெளியானதும், "எந்த கம்பஸ்?" என்று கேட்பார்கள். இதற்குப் பதில் கிடைத்ததும் கேள்விகள் நின்றுவிடுகின்றன. பிள்ளை கரை சேர்ந்துவிட்டாள் என்று உம்மாவும் வாப்பாவும் நிம்மதியடைகிறார்கள். உண்மையில் கரை அங்கே இல்லை. படகு அங்கேதான் புறப்படுகிறது.

நாவுலயைக் கடந்து செல்லும் ஏ9 வீதியை நினைத்துப் பாருங்கள். தெற்கே போனால் மாத்தளை, கண்டி. அதற்கப்பால் பேராதனைப் பல்கலைக்கழகம். வடக்கே போனால் மிஹிந்தலையில் ரஜரட்டப் பல்கலைக்கழகம், பின்னர் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியா, இறுதியில் யாழ்ப்பாணம். நம் வாசலால் போகும் ஒரே வீதி இத்தனை பல்கலைக்கழகங்களுக்கு வழிகாட்டுகிறது. ஆனால் உள்ளே நுழைந்த பின் எந்தப் பாதையில் போவது என்பதை வீதிப் பலகை சொல்லாது. குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகும் மாணவிக்கு அதை வீட்டிலும் கேட்டறிய முடியாது. எனவே யாரிடம், எதை, எப்போது கேட்பது என்பதும் ஒரு பாடம்தான். அதையே இக்கட்டுரை ஆராய்கிறது.

பாடசாலையும் பல்கலைக்கழகமும்

பாடசாலையில் நமது நாளைப் பிறர் ஒழுங்குபடுத்துகிறார்கள். மணி அடிக்கிறது, ஆசிரியை வருகிறார், நோட்ஸ் தருகிறார், டியூஷனில் பாஸ்ட் பேப்பர் செய்விக்கிறார்கள். உயர்தரத்தில் மூன்று பாடங்களைத் தெரிவுசெய்தால் பரீட்சை வரை அவையே நம் பாடங்கள்.

பல்கலைக்கழகத்தில் நிலைமை வேறு. கற்கைநெறி பல பாட அலகுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். சில கட்டாயமானவை, சில நாமே தெரிவுசெய்பவை. ஒவ்வோர் அரையாண்டின் முடிவிலும் பரீட்சை உண்டு. விரிவுரையாளர் தலைப்பை விளக்கி, வாசிக்க வேண்டிய நூல்களைச் சொல்லிவிட்டுச் செல்வார். வாசித்தாயா என்று அடுத்த நாள் கேட்கமாட்டார். இந்தச் சுதந்திரம் பெரிய பரிசு. கவனமில்லாதவளுக்கு அதுவே பெரிய பொறியுமாகும்.

கிரெடிட் கணக்கு

இதனை எண்களால் விளங்கிக்கொள்வோம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 50 மணிநேர உழைப்பாகும். மூன்று வருடப் பொதுப் பட்டத்துக்கு 90 கிரெடிட்டும் நான்கு வருட சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட்டும் வேண்டும். அதாவது வருடத்துக்கு 30 கிரெடிட், அரையாண்டுக்கு 15 கிரெடிட்.

15 கிரெடிட்டை 50ஆல் பெருக்கினால் 750 மணிநேரம் வருகிறது. அரையாண்டு 15 வாரங்கள் எனக் கொண்டால் வாரத்துக்கு 50 மணிநேரம். ஆனால் நேரசூசியில் விரிவுரைகளாகத் தெரிவது ஏறத்தாழ 15 மணிநேரம் மட்டுமே. மீதி 35 மணிநேரம் நூலகத்திலும் விடுதி மேசையிலும் நாமே செய்ய வேண்டிய வேலை. புதிதாக வந்தவள் நேரசூசியின் வெற்றுக் கட்டங்களைப் பார்த்து, "கம்பஸில் வேலை குறைவு" என்று நினைக்கிறாள். அந்தக் கட்டங்கள் வெற்றானவை அல்ல. நம் பெயர் எழுதப்படாத பாடவேளைகள்.

இனிப் பெறுபேற்றைப் பார்ப்போம். ஒரு பாடத்தில் ஏ கிடைத்தால் 4.0, பி கிடைத்தால் 3.0, சி கிடைத்தால் 2.0 என்று தரப்புள்ளி வழங்கப்படும். எல்லாப் பாடங்களினதும் தரப்புள்ளிச் சராசரியே நம் பட்டத்தின் வகுப்பைத் தீர்மானிக்கும். பெரும்பாலும் முதலாம் வகுப்புக்கு 3.70உம் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கு 3.30உம் தேவை.

ஒரு மாணவி, "முதலாம் வருடம்தானே, சும்மா போகட்டும்" என்று இருந்து 2.50 சராசரி பெறுகிறாள் என்று வைப்போம். எல்லா வருடங்களையும் சமமாகக் கணிக்கும் பீடம் அது. முதல் 30 கிரெடிட்டில் அவள் சேர்த்தது 75 புள்ளி. நான்கு வருட முடிவில் 3.70 வர வேண்டுமானால் 120 கிரெடிட்டுக்கு 444 புள்ளி வேண்டும். மிஞ்சிய 90 கிரெடிட்டில் 369 புள்ளி எடுக்க வேண்டும். அதாவது சராசரி 4.10. ஆனால் உச்சப் புள்ளியே 4.00தான்! இன்னும் மூன்று வருடங்கள் இருக்கும்போதே முதலாம் வகுப்பின் கதவு மூடிவிட்டது. 3.30ஐ அடைவதற்குக்கூட அவள் எஞ்சிய மூன்று வருடங்களிலும் 3.57 எடுக்க வேண்டும்.

இதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. கலை, விஞ்ஞான பீடங்கள் பலவற்றில் சிறப்புப் பட்டத்துக்கான தெரிவு முதலாம் அல்லது இரண்டாம் வருடப் பெறுபேற்றை வைத்தே நடைபெறுகிறது. விரிவுரையாளராக வர விரும்புபவளுக்குச் சிறப்புப் பட்டமும் நல்ல வகுப்பும் அடிப்படைத் தகைமைகள். ஆகவே அந்தக் கனவு முதலாம் வருடத்திலேயே பிழைக்கவோ போகவோ கூடும். கெட்டிக்காரி அல்லாததால் இழப்பது ஒரு வகை. ஒருவரும் சொல்லாததால் இழப்பது இன்னொரு வகை. இரண்டாவது தவிர்க்கக்கூடியது, அதனாலேயே அது கூடுதல் வேதனையானது.

யாரைக் கேட்பது?

பல்கலைக்கழகத்தில் ஆலோசனை சொல்வதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். பாடத் தெரிவு, பெறுபேறு, சிறப்புப் பட்டம் ஆகியவற்றைத் துறைத் தலைவரிடமோ, கல்வி ஆலோசகராக நியமிக்கப்பட்ட விரிவுரையாளரிடமோ கேட்கலாம். மனக்கவலை, விடுதிப் பிரச்சினை, பணநெருக்கடி, பகிடிவதை ஆகியவற்றுக்கு மாணவ ஆலோசகர்கள் உள்ளனர். அவர்களும் விரிவுரையாளர்களே. பயிற்சி, தொழில், நேர்முகப் பரீட்சை பற்றி அறியத் தொழில் வழிகாட்டல் அலகு உண்டு. 1981இல் ஆரம்பிக்கப்பட்ட மகாபொல புலமைப்பரிசில், பேர்சரி நிதியுதவி ஆகியவை பற்றி மாணவர் நலன் பிரிவில் விசாரிக்கலாம்.

ஆனால் நடைமுறையில் முதல் வாரங்களில் புதிய மாணவிக்கு ஆலோசனை சொல்பவர்கள் சீனியர்களே. அவர்களுள் நம்மைத் தம் தங்கையாக நினைத்துப் பழைய வினாத்தாளும் நோட்ஸும் தந்து, எந்த மேசையில் எந்தப் படிவம் கொடுப்பது என்று காட்டும் தாத்தாமார் பலர். அவர்கள் பெறுமதியானவர்கள். அதேவேளை, "விரிவுரையாளருடன் பேசக்கூடாது, நூலகம் போகக்கூடாது, இன்ன உடைதான் உடுக்க வேண்டும்" என்று கட்டளையிடுவோரும் இருக்கலாம். அது ஆலோசனை அல்ல. பகிடிவதையின் ஒரு முகம். ஆலோசனை நம் தெரிவுகளைக் கூட்டும். பகிடிவதை அவற்றைக் குறைக்கும். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி கல்வி நிறுவனங்களில் பகிடிவதை குற்றமாகும். அதற்கு இரண்டு வருடங்கள் வரையும், பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ விளைவித்தால் பத்து வருடங்கள் வரையும் சிறைத்தண்டனை விதிக்கலாம். இதை மாணவி மட்டுமன்றிப் பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது.

ஓர் ஆசான் திருப்பிவிட்ட பாதை

நல்ல ஆலோசனை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு நம் சமூகத்திலேயே உதாரணம் உண்டு. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் ஆரம்பமானது. அடுத்த வருடம் அதன் தமிழ்ப் பேராசிரியராக விபுலாநந்த அடிகள் பொறுப்பேற்றார். அக்காலத்தில் அங்கு சேர்ந்த பாணந்துறை மாணவர் ம.மு. உவைஸை இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் பக்கம் திருப்பியவர் அடிகளார் என்று இன்றும் நன்றியோடு நினைவுகூரப்படுகிறது.

அடிகளார் 1947இல் மறைந்தார். அவர் காட்டிய பாதையில் உவைஸ் தொடர்ந்து நடந்தார். தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பங்களிப்பைத் தம் முதுகலை ஆய்வுக்குப் பொருளாக எடுத்தார். அந்த ஆய்வை 1953இல் நூலாக வெளியிட்டது கண்டி மாவட்டத்தின் கல்ஹின்னைத் தமிழ் மன்றம். பின்னர் அவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கான பேராசிரியரானார். பலதொகுதி இலக்கிய வரலாறு ஒன்றையும் அவர் இணைந்து எழுதினார்.

இங்கே மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும். ஒரு இந்துத் துறவி ஒரு முஸ்லிம் மாணவனிடம் அவனது சொந்தச் செல்வத்தைத் தேடும்படி சொன்னார். மாணவன் அதைச் செவிமடுத்து உழைத்தான். ஒரு சிறிய ஊரின் மன்றம் அந்த உழைப்பை நூலாக்கியது. ஆசான், மாணவர், ஊர் ஆகிய மூன்றும் சேர்ந்தபோதுதான் ஆலோசனை பயன் தந்தது.

ஊரின் பங்கை முன்னமே உணர்ந்தவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். வறிய மாணவர் உயர்கல்வி பெறவென 1945இல் அவர் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவினார். இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்ததும் அதே வருடத்தில்தான். கல்வி இலவசமானாலும் கைகொடுப்பவர் தேவை என்பதை அவர் அறிந்திருந்தார்.

விரிவுரை மண்டபத்துக்கு வெளியே

பட்டச் சான்றிதழில் எழுதப்படாத கல்வியும் பல்கலைக்கழகத்தில் உண்டு. 1956இல் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர மேடையேற்றிய 'மனமே' நாடகம் சிங்கள நாடக வரலாற்றையே மாற்றியது. அதில் நடித்தவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் தமிழ் மாணவர்களைக் கொண்டு கூத்துகளை மேடையேற்றினார். அவற்றில் ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, அதே கலையைப் புதிய தலைமுறைக்குக் கற்பித்தார். பேராதனைத் தமிழ்ச் சங்கத்தின் 'இளங்கதிர்' மலரும் இவ்வாறான களமே.

எல்லோரும் மேடையேற வேண்டியதில்லை. முஸ்லிம் மஜ்லிஸ், விவாதக் கழகம், விளையாட்டு, மாணவர் ஆய்வரங்கு, வெளிநாட்டுப் பரிமாற்றத் திட்டம், விரிவுரையாளரின் ஆய்வில் தரவு சேகரிக்கும் வேலை என்று வாய்ப்புகள் பல. வருடத்துக்கு ஒன்றைத் தெரிந்து ஆழமாகச் செய்வது, ஏழில் பெயர் கொடுத்து ஒன்றிலும் நில்லாமல் போவதைவிடச் சிறந்தது.

மொழியை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் ஆகியன ஆங்கில மொழிமூலமே கற்பிக்கப்படுகின்றன. தமிழ்மொழியில் உயர்தரம் எழுதியவள் முதல் மாதத்தில் தடுமாறுவது அவளது அறிவின் குறை அல்ல. பல்கலைக்கழக ஆங்கில வகுப்புகளை, "புள்ளி இல்லைதானே" என்று விட்டுவிடாமல் பயன்படுத்த வேண்டும். உயர்தரப் பரீட்சைக்கும் முதல் விரிவுரைக்கும் இடையில் கிடைக்கும் நீண்ட மாதங்களும் இதற்கே ஏற்றவை. நாவுல போன்ற ஊரில் வாழ்ந்த நமக்குச் சந்தையிலும் பஸ்ஸிலும் பழகிய சிங்களம் ஒரு மேலதிகச் சொத்து. அதை எழுதவும் வாசிக்கவும் கற்றுக்கொண்டால் நண்பர்களும் நூல்களும் இரட்டிப்பாகும்.

முதல் இரண்டு வாரத்தில் கேட்க வேண்டியவை

1. முதலாம் வருடப் புள்ளிகள் பட்டத்தின் வகுப்புக்குச் சேர்க்கப்படுமா? எந்த விகிதத்தில்?
2. சிறப்புப் பட்டத்துக்கு எப்போது, எதை வைத்துத் தெரிவுசெய்வார்கள்?
3. பாடத்தை மாற்றுவதற்கான கடைசித் திகதி எது?
4. பரீட்சைக்கு அமர எத்தனை சதவீத வரவு தேவை?
5. சுகவீனத்தால் பரீட்சை தவறினால், மருத்துவச் சான்றிதழை எத்தனை நாட்களுக்குள், எங்கே கொடுக்க வேண்டும்?
6. என் கல்வி ஆலோசகர் யார்? அவரை எந்த நேரத்தில் சந்திக்கலாம்?

இக்கேள்விகளில் பலவற்றுக்குப் பீடத்தின் கைந்நூலில் விடை இருக்கும். முதலில் அதை வாசித்துவிட்டு, விளங்காததைக் குறித்துக்கொண்டு ஆலோசகரிடம் செல்வது மரியாதையும் பயனும் உள்ள வழி. அறை வாசலில் கூச்சம் வருவது இயல்பு. நம்மில் பலர் சபையில் வாய் திறக்காமல் இருப்பதை அடக்கம் என்று பழகியவர்கள். ஆனால் அறிவைத் தேடிக் கேட்பது அடக்கத்துக்கு மாறானதல்ல. அன்னை ஆயிஷா ரழியல்லாஹு அன்ஹா அவர்களிடம் ஸஹாபாக்களே சந்தேகங்களைக் கேட்டுத் தெளிந்தார்கள் என்று படித்து வளர்ந்த நமக்கு, கேட்பதிலோ சொல்வதிலோ என்ன வெட்கம்?

அன்புச் சகோதரிகளே, இன்று நாம் உயர்தர வகுப்பில் இருக்கிறோம். இன்ஷா அல்லாஹ், நம்மில் சிலர் அந்த வாசலைக் கடப்போம். முன்னே போகிறவள் மேலேயுள்ள ஆறு கேள்விகளின் விடைகளை ஒரு கொப்பியில் எழுதி, விடுமுறையில் வரும்போது நம் பாடசாலை நூலகத்தில் வைத்துவிட்டுப் போகட்டும். அடுத்த வருடம் போகிறவள் அதில் இன்னும் இரண்டு பக்கங்களைச் சேர்க்கட்டும். சில வருடங்களில், "யாரைக் கேட்பது?" என்று நாவுலப் பிள்ளை ஒருத்தி திகைத்து நிற்க வேண்டிய தேவை இருக்காது.