கடனை அடைக்கும் முன்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் ஆன்லைன் ரம்மியில் விட்ட பணத்தை ஈடுகட்ட, செமஸ்டர் கட்டணத்துக்கு வைத்திருக்கும் தொகையைக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். கொடுக்காதே.

“இந்தக் கடன் மட்டும் அடைந்துவிட்டால் இனி தொடவே மாட்டேன்” என்று அவர் அழுததை நடிப்பு என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அந்த நேரத்தில் அவரே அதை நம்பியிருப்பார். ஆனால் கடன் அடைந்ததும் பயம் போய்விடும். புதிதாகக் கடன் கேட்கும் தெம்பும் வந்துவிடும். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற வெறி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013-ல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு, சூதாட்ட நோயை மது, போதை அடிமைத்தனங்களோடு ஒரே பிரிவில் வைத்தது. உடலுக்குள் எந்தப் பொருளும் போகாமல் அந்தப் பிரிவில் இடம்பிடித்த நோய் அது ஒன்றுதான். கையேடு சொல்லும் ஒன்பது அறிகுறிகளில் நான்கு, ஓராண்டுக்குள் தென்பட்டால் நோய் என்று கணக்கு. இழந்ததை மீட்க இன்னொரு நாள் திரும்பப் போவது, எவ்வளவு போனது என்பதில் பொய் சொல்வது, நிறுத்தப் பார்த்தால் எரிந்து விழுவது ஆகியவை அவற்றில் சில. சூதால் வந்த பணமுடையைத் தீர்க்கப் பிறர் கையை எதிர்பார்ப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. பாசத்தில் குடும்பம் நீட்டும் பணம், மருத்துவர் பார்வையில் நோயின் தடயங்களுள் ஒன்று!

வளர்ப்பு சரியில்லை, ஒழுக்கம் இல்லை என்று சொல்லும் உறவினர்கள் இருப்பார்கள். விஷயம் அதுவல்ல. பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் பிராமிபெக்சோல் போன்ற மாத்திரைகளைச் சாப்பிட்ட சிலர், அதுவரை பழக்கமே இல்லாத சூதாட்டத்தில் விழுந்ததும், மருந்தை நிறுத்தியபின் அதிலிருந்து மீண்டதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அந்த மாத்திரைகள் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைப் போல வேலை செய்பவை. அந்தக் கணக்கு பிசகினால் நல்லொழுக்கம் தனியாக நின்று காப்பாற்றாது. ஆகவே திருக்குறளில் ‘சூது’ அதிகாரத்தைப் பிரித்து அண்ணன் முன்னால் படிக்க வேண்டாம். அது அவருக்கும் தெரியும்.

தஸ்தயேவ்ஸ்கி 1866-ல் ‘சூதாடி’ நாவலைச் சொல்லச் சொல்ல, சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்ட இளம்பெண் அன்னா. மறு ஆண்டு அவரையே மணந்தார். பிறகு ஐரோப்பாவில் கழிந்த நான்கு ஆண்டுகளில் ரூலெட் மேசை அன்னாவின் நகைகளையும் உடைகளையும் அடகுக்கடைக்கு அனுப்பியது. 1871-ல் வீஸ்பாடன் நகரில் தோற்றதோடு தஸ்தயேவ்ஸ்கி நிறுத்திக்கொண்டார். பொறுமையாகக் காத்திருந்த மனைவியின் வெற்றி என்று இதைச் சொல்வதுண்டு. அப்படி எடுத்துக்கொண்டு காத்திருக்கத் தொடங்கினால் வீடு மிஞ்சாது. அன்னாவிடம் கற்க வேண்டியது அதற்குப் பின் நடந்தது: ரஷ்யா திரும்பியதும் கடன்காரர்களிடம் அவரே நேரில் பேசினார், 1873-ல் கணவரின் நாவலைத் தாமே பதிப்பித்து விற்றார், குடும்பக் கணக்கைத் தம் கைக்குக் கொண்டுவந்தார்.

இந்த விஷயத்தில் தமயந்தி இன்னும் விவரமானவள். வியாச பாரதத்தில் நளன் தோற்றுக்கொண்டே போகும்போது, எல்லாம் போவதற்கு முன்பே, பிள்ளைகள் இருவரையும் தேரில் ஏற்றித் தந்தை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறாள். உங்கள் வீட்டில் அந்தத் தேரில் ஏற வேண்டியவை அம்மாவின் நகை, வீட்டுப் பத்திரம், அப்பாவின் ஓய்வூதியக் கணக்கு. நகையும் பத்திரமும் அம்மா பெயரிலான வங்கி லாக்கருக்குப் போகட்டும். அப்பாவின் யுபிஐ பின் எண்ணை மாற்றிவிடு. ஓடிபி யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்று அவரிடம் சொல்லிவை. ஜாமீன் கையெழுத்து யாரும் போட வேண்டாம். பின்னாளில் ஏதாவது கடனை அடைக்கத்தான் வேண்டுமென்றால், கடன்களின் முழுப்பட்டியலும் வெளியே வந்து, சிகிச்சையும் தொடங்கியபின், பணம் நேராகக் கடன் கொடுத்தவருக்கே போகட்டும். அண்ணன் கை வழியாக வேண்டாம்.

“எனக்கு ஒன்றுமில்லை, டாக்டரிடம் வரமாட்டேன்” என்பார். பரவாயில்லை, முதல் அடியை நீ எடுத்து வைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம், குடும்பத்தினரும் அழைக்கலாம். எவ்வளவு நாளாக ஆடுகிறார், தூக்கம் எப்படி, குடிப்பழக்கம் உண்டா என்று கேட்பார்கள், யோசித்து வைத்துக்கொள். நேரில் காட்ட, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் செல்போன், இணைய அடிமைத்தனத்துக்கென்றே ‘ஷட்’ என்ற தனி கிளினிக் 2014 முதல் இயங்குகிறது. சிகிச்சையின் அடித்தளம் பேச்சுதான்: எந்த நேரத்தில், எந்த மனநிலையில் கை போனைத் தேடுகிறது, ‘அடுத்த ஆட்டம் எனக்குத்தான்’ என்ற கணக்கு எங்கே தப்புகிறது என்று உளவியலாளர் கூடவே இருந்து பிரித்துக் காட்டுவார். சிலருக்கு நால்ட்ரெக்சோன் மாத்திரையும் தருவதுண்டு. ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அண்ணன் பயந்தால், நோயாளியின் ரகசியத்தைக் காப்பது 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமை என்று சொல். இடையில் ஒருமுறை சறுக்கி மறுபடி ஆடிவிடவும் கூடும். அதோடு சிகிச்சை தோற்றதாக நினைத்து நிறுத்திவிடாதீர்கள்.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டதே என்று அம்மா நிம்மதி அடைந்திருக்கலாம். பெயர்பெற்ற ஆப்கள் பண ஆட்டத்தை நிறுத்தியது உண்மை. வெளிநாட்டிலிருந்து இயங்கும் தளங்கள் அப்படியே மறைந்துவிடவில்லை.

இன்னொன்று, இதைத் தள்ளிப்போடாதே. ஆன்லைன் ரம்மி பற்றி ஆராயத் தமிழ்நாடு அரசு 2022-ல் நீதியரசர் சந்துரு தலைமையில் குழு அமைத்ததன் பின்னணியில் தற்கொலைச் செய்திகள் வரிசையாக இருந்தன. அண்ணன் தனியாக இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, “செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?” என்று நேராகவே கேள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதே; தூக்க மாத்திரை, பூச்சி மருந்து எதுவும் கைக்கு எட்டாமல் எடுத்துவைத்துவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போ.

லோன் ஆப்காரர்கள் இரவில் போன் செய்து மிரட்டுவதாக எழுதியிருந்தாய். கடன் வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே உத்தரவிட்டிருக்கிறது. வந்த அழைப்புகள், செய்திகள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. உங்கள் யாருடைய படத்தையாவது திரித்து அனுப்பினால், தொடர்புப் பட்டியலில் இருப்பவர்களுக்குச் செய்தி அனுப்பினால், சைபர் குற்றப் பிரிவின் 1930 எண்ணுக்குப் புகார் கொடு. அன்னா பேசினாரே என்று இவர்களோடு பேரம் பேச நீ போகாதே. அப்பாவோ மாமாவோ பேசட்டும்.

அன்புடன்,
அக்கா