வாக்குச் சீட்டும் வழக்கும்

வெம்பாக்கத்திலிருந்து வெகு தொலைவில் இல்லாத உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விவரிக்கின்றன. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். இக்காலத்தில் இரு வேட்பாளர்கள் சமமான வாக்குகள் பெறும்போது மட்டுமே குலுக்கல் நடைபெறுகிறது. மற்றபடி முடிவு செய்வது வாக்காளர் இடும் முத்திரையே.

சீட்டின் அமைப்பு

1951-52 பொதுத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி இருந்தது. குறியிடாத சீட்டை விரும்பிய பெட்டியில் போட்டனர். 1962 பொதுத் தேர்தலில் எல்லாச் சின்னங்களும் ஒரே சீட்டில் அச்சாகி, முத்திரை இடும் முறை பரவியது. 2019 டிசம்பரில் நம் மாநிலத்தில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் வாக்காளர் நான்கு சீட்டுகள் பெற்றனர்: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக்குழு உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு மஞ்சள்.

செல்லாத வாக்கு

முத்திரையே இல்லாத சீட்டும், இருவருக்கு முத்திரை இட்ட சீட்டும், வாக்காளரை அடையாளம் காட்டும் எழுத்துள்ள சீட்டும் செல்லா. ஆனால், ஒரே வேட்பாளருக்கு இருமுறை முத்திரை இட்டாலும், முத்திரை மங்கியிருந்தாலும், வாக்காளரின் கருத்து தெளிவாயின் அவ்வாக்கைத் தள்ளலாகாது என்பது 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளின் கொள்கை. சீட்டை முதலில் நெடுக்காக மடிப்பதன் காரணமும் அறியத்தக்கது. ஈர மை பிறர் சின்னத்தில் படாதிருக்கவே அவ்வாறு மடிக்கிறோம். சிற்றூரில் ஒரு வாக்கு வித்தியாசத்திலும் தலைவர் தேர்ந்தெடுக்கப்படக் கூடுமாதலால் இது சிறு செய்தியன்று.

நீதிமன்றம் செல்லும் வழி

தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போதே நீதிமன்றம் தலையிடலாகாது என்று, நாமக்கல் தொகுதியில் வேட்பு மனு தள்ளப்பட்ட பொன்னுசாமி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1952இல் தீர்ப்பளித்தது. முடிவுக்குப் பின் தேர்தல் மனுவே வழி. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, முடிவு வெளியான 45 நாட்களுக்குள் மாவட்ட நீதிபதியிடம் மனுச் செய்தல் வேண்டும். வெறும் சந்தேகத்தின் பேரில் சீட்டுகளைத் திறக்க இயலாது. குறை இன்னதென்று விவரமாகக் கூறுதல் வேண்டும் என்று ராம் சேவக் யாதவ் வழக்கில் 1964இல் சுப்ரீம் கோர்ட்டு வரையறுத்தது. வாக்கின் இரகசியத்தைக் காப்பதற்கே இக்கட்டுப்பாடு.

இரு வழக்குகள்

2016 சட்டசபைத் தேர்தலில் இராதாபுரம் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 49 வாக்குகளே. தள்ளப்பட்ட தபால் வாக்குகளில் தலைமையாசிரியர் அளித்த சான்று செல்லுமா என்பது வழக்காயிற்று. உயர்நீதிமன்ற ஆணைப்படி 2019 அக்டோபரில் மறு எண்ணிக்கை நடந்தது. ஆயினும் முடிவை வெளியிடச் சுப்ரீம் கோர்ட்டு தடை விதித்தது. 2021இல் அச்சபையின் காலமே முடிந்தது.

2024 ஜனவரி 30ஆம் நாள் சண்டிகர் மேயர் தேர்தலில் எட்டுச் சீட்டுகள் செல்லாதவை எனத் தள்ளப்பட்டன. அச்சீட்டுகளைத் தம்முன் வரவழைத்துப் பார்த்த சுப்ரீம் கோர்ட்டு, தேர்தல் நடத்திய அதிகாரியே அவற்றில் கோடிட்டதைக் கண்டது. பிப்ரவரி 20ஆம் நாள் அவ்வெட்டையும் செல்லுபடியாக்கி, 20 வாக்குகள் பெற்ற குல்தீப் குமாரே மேயர் என அறிவித்தது. சீட்டு பத்திரமாக இருந்தமையால் உண்மை வெளிவந்தது.

நாம் செய்யத்தக்கவை

வேட்பாளரின் முகவர்கள் எண்ணும் மேசையிலேயே ஒவ்வொரு சந்தேகச் சீட்டையும் கவனித்தல் வேண்டும். ஐயமிருப்பின், முடிவு அறிவிக்கப்படுமுன் காரணங்காட்டி எழுத்து மூலம் மறு எண்ணிக்கை கோரலாம். அவ்வேளை தவறினால் நீதிமன்றமே கதி. அது பணத்தையும் ஆண்டுகளையும் விழுங்கும். தோற்றவரும் வென்றவரும் ஒரே ஏரி நீரில் பயிர் செய்பவர்கள். ஆதலின் முத்திரையைச் செவ்வனே இடுதலும், எண்ணிக்கையை விழிப்புடன் காத்தலும், வழக்கைச் சட்டப்படி நடத்துதலும் ஊர் ஒற்றுமைக்கு நாம் செய்யும் தொண்டாகும்.