இறுக்கிவிட்டால் சரியாகிவிடுமா?



‘லாரியில் ஆட்டோ ஸ்லாக்கைச் சாவி போட்டு இறுக்கினால் பிரேக் நன்றாகத்தானே பிடிக்கிறது, அதில் என்ன தப்பு?’ என்று கேட்டிருந்தாய், தம்பி. பிடிப்பதுதான் தப்பு. பிரேக் லைனர் தேயத் தேய அதற்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைத் தானே குறைத்துக்கொள்ளத்தான் அந்தக் கருவி இருக்கிறது. அதன் வேலையை உன் சாவி செய்ய வேண்டிவந்தால், ஒன்று கருவி கெட்டிருக்கிறது, இல்லை அதைச் சுற்றி ஏதோ கெட்டிருக்கிறது. கிளீவிஸ் பின் தேய்ந்திருக்கலாம், எஸ் கேம் புஷ் ஆடலாம், சேம்பர் பிராக்கெட் தளர்ந்திருக்கலாம். இறுக்கியதால் இவற்றில் எதுவும் சரியாகவில்லை. கோளாறைக் காட்டிக்கொண்டிருந்த ஒரே தடயத்தைத்தான் நீ அழித்தாய்.

‘மீட்டரில் பிரஷர் சரியாக நிற்கிறதே’ என்பார் டிரைவர். அந்த முள் டேங்கில் இருக்கும் காற்றைத்தான் சொல்லும். சேம்பரிலிருந்து ஸ்லாக்கைத் தள்ளும் புஷ் ராடு எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பது அதற்குத் தெரியாது. சாதாரண 30 எண் சேம்பரில் 100 பி.எஸ்.ஐ. காற்று ஏறினால் ராடைத் தள்ளும் விசை 3,000 பவுண்டு. ஆனால் அந்த ராடு ஓடக்கூடிய மொத்த தூரமே சுமார் 64 மி.மீ. ஓட்டம் 51 மி.மீ. தாண்டக் கூடாது என்பது வரம்பு. மீதி 13 மி.மீ. பெரும்பாலும் சூட்டுக்கு. 410 மி.மீ. டிரம் 300 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் விட்டம் ஒன்றேகால் மி.மீ.க்குச் சற்று மேல் விரியும். அற்பமாகத் தோன்றுகிறதா? ஸ்லாக்குக்கும் கேமுக்கும் உள்ள நெம்பு விகிதம் ஏறத்தாழ 12. ஷூவின் முனையில் கூடும் ஒரு மி.மீ. ராடில் 12 மி.மீ.யாக வந்து நிற்கும். யார்டில் 50 மி.மீ. ஓட்டம் காட்டிய சக்கரம், பாரத்தோடு தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது, ராடு ஓடி முடியும் இடத்தை நெருங்கிவிடும். முட்டிவிட்டால் பெடலை எவ்வளவு மிதித்தாலும் அந்த விசை டிரம்முக்குப் போய்ச் சேராது. சமதளத்தில் பிடித்தது என்பது ஒரு சான்றே அல்ல.

இதைப் பட்டறைக் கிழவர்களின் பிடிவாதம் என்று நினைத்துவிடாதே. 2003 ஏப்ரலில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், கிளென் ராக் என்ற ஊரின் இறக்கத்தில், ஒரு டிப்பர் லாரி நிற்க முடியாமல் கார்கள் மீது மோதி உயிர்கள் போயின. அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2006-ல் வெளியிட்ட அறிக்கையை இந்தத் தொழிலுக்கு வரும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். அதிக பாரமும் பயிற்சி இல்லாத ஓட்டுநரும் காரணங்களில் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் மெக்கானிக்குகள் மூலக் கோளாறைத் தவறாகக் கணித்ததையும், ஆட்டோ ஸ்லாக்கைக் கையால் இறுக்குவதன் ஆபத்தையும் அறிக்கை தனியே எடுத்துப் பேசுகிறது. இறுக்கியவர்கள் சோம்பேறிகள் அல்ல. உன்னைப் போலவே வேலையை முடித்துவிட்டதாக நம்பியவர்கள்.

‘புது லைனர் போட்டால் கையால் வைத்துத்தானே ஆக வேண்டும்?’ என்று நீ மடக்கலாம். சரிதான், பொருத்தும்போது முதல் அளவைக் கையால்தான் வைக்க வேண்டும். அது அமைப்பது, ஓடும் வண்டியில் வாராவாரம் இறுக்குவது வேறு. ‘நடுவழியில் என்ன செய்ய?’ என்றால், பட்டறை வந்து சேர இறுக்கு, தப்பில்லை. வந்ததும் எந்தச் சக்கரம், எத்தனை மி.மீ. என்று எழுதிவைத்துக் காரணத்தைத் தேடு. ‘ஓனர் வண்டியை நிறுத்த விடமாட்டார்’ என்பதற்கு என்னிடம் பதில் இல்லை, எரிச்சல்தான் உண்டு. அளப்பதற்கு எவ்வளவு நேரமாகும்? சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, டேங்கில் 90 முதல் 100 பி.எஸ்.ஐ. வைத்துக்கொள். ராடு சேம்பரை விட்டு வெளிவரும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு கிழி. ஒருவர் பெடலை முழுக்க மிதிக்கட்டும். கோடு எவ்வளவு நகர்ந்தது என்று ஸ்கேல் வைத்துப் பார். ஒரே அச்சின் இரு பக்கமும் பார்த்தாயா என்பது அடுத்த கேள்வி.

டிரெய்லர் தளப் பலகை மாற்றியதைப் பெருமையாக எழுதியிருந்தாய். அதிலும் காரணத்தைத் தேடாத இதே நோய்தான். பலகை மேலிருந்து உளுப்பதில்லை. குறுக்குச் சட்டத்தின் மீது படியும் இடத்திலும் போல்ட் துளையிலும் தண்ணீர் தேங்கித்தான் உளுக்கிறது. துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்காமல், துளைக்கும் வெட்டுமுனைக்கும் மரக்காப்பு பூசாமல் புதுப் பலகையைப் போட்டிருந்தால், அதைக் கழற்றிவிட்டு மறுபடி செய். எட்டுச் சக்கரத்தின் ராடு ஓட்டத்தையும் அளந்து, தேதி போட்டு எனக்கு அனுப்பு. அதுவரை அந்தச் சாவியைத் தொடாதே.