வெயிலில் காயவைத்த பற்றரி

வன்னியின் தர்மபுரத்தில் விடியப்புறம் ஓடப் போகிற பெடியள் சிலரின் கையில் இப்போது ஜி.பி.எஸ். மணிக்கூடு இருக்கிறது. கடையில் வாங்கியதென்று நினைக்காதீர்கள். கனடாவிலோ பிரான்சிலோ இருக்கிற சித்தப்பா புதியது வாங்கியதும் பழையதைக் கொடுத்துவிட்டிருப்பார். வந்து இறங்கும்போதே அதற்கு ஐந்தாறு வயது. ஒரு கிழமை நிற்க வேண்டிய சார்ஜ் இரண்டு நாளில் முடிந்துபோகும். உடனே முற்றத்தில் வைத்தியசபை கூடும், ஆளுக்கொரு பரிகாரம்.

அந்தப் பரிகாரங்களைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவற்றில் பல ஒரு காலத்தில் உண்மையாகத்தான் இருந்தன. பற்றரிதான் வேறு.

“கொஞ்சம் வெயிலில வை, ஏறும்.” இதைச் சொல்கிறவர் அநேகமாக ஐம்பதைத் தாண்டியிருப்பார். 1990களின் பொருளாதாரத் தடையில் ரோச் பற்றரி வன்னிக்குள் வரக்கூடாத சாமான். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, ஒருவர் மிதிக்க, தைனமோவில் றேடியோவை ஓட்டிச் செய்தி கேட்ட காலம் அது. எப்படியோ கையில் கிடைத்த பற்றரியை, அது செத்த பிறகும் வெயிலில் காயவைத்து இன்னொரு செய்தியறிக்கை கேட்டார்கள். அதை மூடநம்பிக்கை என்று தள்ள முடியாது. நாக-காபன் பற்றரியில், களைத்துப்போன வேதிவினையைச் சூடு கொஞ்சம் தட்டியெழுப்பும். ஓய்வும் கொஞ்சம் மீட்டுத் தரும். புதிதாக எதுவும் ஏறுவதில்லை, மடியில் மிஞ்சிய பாலைக் கறப்பதுபோல.

மணிக்கூட்டுக்குள் இருப்பது லிதியம் அயன் பற்றரி. 1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த இனம். அதற்கு வழிசமைத்த குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த இனத்துக்கு வெக்கைதான் எமன். உள்ளே கிராபைட்டின்மேல் மெல்லிய படலம் ஒன்று படிந்துகொண்டே போகும். படலம் தடிக்கத் தடிக்க, மின்னைச் சுமக்க வேண்டிய லிதியம் அதற்குள் சிறைப்பட்டுவிடும். சூடு கூடினால் இது இன்னும் விரைவாக நடக்கும். பற்றரிக்காரர்கள் வழக்கமாகச் சொல்கிற ஒரு கணக்கு உண்டு. 40 வீதச் சார்ஜோடு, 25 பாகை செல்சியசில் ஒரு வருடம் சும்மா வைத்தால் கொள்ளளவில் ஏறத்தாழ 96 வீதம் மிஞ்சும். முழுச் சார்ஜோடு 40 பாகையில் வைத்தால் மிஞ்சுவது 65 வீதமளவில். வைகாசி மாதத்து மத்தியானத்தில் தகரக் கூரைக்குக் கீழே 40 பாகை ஒரு பொருட்டா? மோட்டார் சைக்கிள் சீற்றில் கழற்றி வைத்துவிட்டுக் குளத்தில் இறங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சூரிய ஒளியில் சார்ஜ் ஏறும் மாதிரிகளும் உண்டு. அவற்றிலும் ஏற்றுவது வெளிச்சம்தான், சூடு இல்லை.

“முழுக்க வடியவிட்டுத்தான் போடவேணும்” என்பது அடுத்தது. இது நிக்கல்-கட்மியம் பற்றரியின் சட்டம். அந்தப் பற்றரி அரைகுறையாக வடிந்த இடத்தையே பழகி, பிறகு அதுவே எல்லை என்று நினைத்துக்கொள்ளும். லிதியத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அதை ஒவ்வொரு முறையும் அடிவரை வடியவிடுவதுதான் வயதைக் குறைக்கும். இருபதுக்கும் எண்பதுக்கும் இடையில் வைத்திருப்பது நல்லது. இரண்டு தடவை பாதி பாதியாக ஏற்றினாலும் கணக்கில் ஒரு சுற்றுத்தான். பொதுவாக 300 முதல் 500 சுற்றில் கொள்ளளவு 80 வீதமளவுக்கு இறங்கும். ஆனாலும் அந்தப் பழைய சட்டத்தில் ஒரு துளி உண்மை மிச்சமிருக்கிறது. திரையில் தெரியும் வீதம் ஒரு மதிப்பீடுதான். வயதான மணிக்கூட்டில் அது பொய் சொல்லத் தொடங்கும். முப்பது காட்டிவிட்டுத் திடீரென்று அணையும். அப்படியானால் ஒரேயொரு தடவை வடியவிட்டு முழுதாக ஏற்றிப் பாருங்கள். எண் திருந்தும். பற்றரி திருந்தாது. மென்பொருளைப் புதுப்பித்தால், ரீசெற் பண்ணினால் பற்றரி இளமையாகிவிடும் என்கிறவர்களுக்கும் இதே பதில்தான்.

“கரண்ட் இருக்கேக்க நூறாக்கி வை.” 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்டில் இதை எப்படிப் பிழை சொல்வது? இரவு முழுக்கச் செருகியிருந்தால் வெடிக்கும் என்ற பயமும் தேவையில்லை. நல்ல நிலையிலுள்ள மணிக்கூடு நிறைந்ததும் தானே நிறுத்திக்கொள்ளும். ஆனால் நாட்கணக்கில் நூறிலேயே, அதுவும் வெக்கையில் கிடப்பதுதான் ஆகாது. போனின் விரைவுச் சார்ஜரில் போட்டால் கருகிவிடும் என்பதும் பெரும்பாலும் வீண் பயம். மணிக்கூடு கேட்கிற அளவைத்தான் அது கொடுக்கும். சந்தையில் பெயரில்லாமல் விற்கிற மலிவுச் சார்ஜருக்குத்தான் நான் பயப்படுவேன்.

இனி ஜி.பி.எஸ். மணிக்கூடு செய்மதிக்குச் சிக்னல் அனுப்பி அனுப்பிக் களைத்துப்போகிறது என்று ஒரு மாஸ்ரரே சொல்லக் கேட்டேன். அது எதையும் அனுப்புவதில்லை. 20,200 கிலோமீற்றர் உயரத்திலிருந்து வருவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். கேட்பதற்கும் மின் வேண்டும், அதுதான் செலவு. பல நாட்டுச் செய்மதிகளைச் சேர்த்துக் கேட்டால் செலவு கூடும். மாடிக் கட்டடங்களுக்கிடையில் ஓடுகிறவனுக்கு அது உதவும். பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் திறந்த வானத்துக்குக் கீழே ஓடுகிறவனுக்கு ஜி.பி.எஸ். மட்டும் போதும். போனோடு கிழமைக்கு ஒருமுறையாவது இணைத்துவிடுங்கள். செய்மதிகள் எங்கே நிற்கும் என்ற குறிப்பை வாங்கி வைத்துக்கொண்டால், ஓடத் தொடங்கும்போது தேடித் தவிக்காது. போன் மெசேஜ்கள் கையில் வந்து அதிர்வதை நிறுத்தினாலும் கொஞ்சம் மிஞ்சும்.

செத்துப்போச்சு என்று என்னிடம் கொண்டுவந்த ஒரு மணிக்கூட்டில் பற்றரிக்கு ஒன்றுமே இல்லை. பின்பக்கத்துச் சார்ஜ் முனைகளில் வியர்வை உப்புப் படிந்து பச்சை பூத்திருந்தது. ஓடிவந்த கையோடு ஈரத்தில் சார்ஜில் போட்டதன் பலன். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷில் துளி ஸ்பிரிற் தொட்டுத் தேய்த்தேன், ஏறத் தொடங்கியது. ஓடி முடித்தால் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, காய்ந்த பிறகு செருகுங்கள்.

உண்மையாகவே வயது போன பற்றரியை என்ன செய்வது? கணக்குப் பார்க்கலாம். 2015இல் வந்த கார்மின் ஃபோர்ரன்னர் 235 புதிதாக இருக்கும்போது ஜி.பி.எஸ். ஓட்டத்தில் 11 மணித்தியாலம் நிற்கும் என்றது கம்பனி. அது 60 வீதத்துக்கு இறங்கினாலும் ஆறரை மணித்தியாலம் இருக்கிறது. மரதனையே ஓடி முடிக்கலாம். நாளுக்கு ஒரு மணித்தியாலம் ஓடுகிறவர் எறிய வேண்டியதில்லை, அடிக்கடி சார்ஜ் போட்டால் சரி. போன் கடையில் கொடுத்துப் பற்றரி மாற்றவும் முடியும். ஆனால் ஒட்டைப் பிரித்து ஒட்டிய மணிக்கூட்டோடு குளத்தில் இறங்காதீர்கள்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கண்ணாடியோ பின்மூடியோ மேலெழும்பினால் உள்ளே பற்றரி ஊதிவிட்டது. குத்திப் பார்க்கவும் வேண்டாம், மறுபடி சார்ஜில் போடவும் வேண்டாம். பின்வளவில் குப்பை கொளுத்தும்போது அதையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள், நெருப்பில் வெடிக்கும்.