செவியின் குறையும் மொழியின் குறையும்

2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் செவித்திறன் குறையுடையோர் சுமார் 50.7 லட்சம் பேர். இவர்களுள் குழந்தைகளாக இருப்போரின் கல்வியைப் பற்றிப் பேசும்போது, பள்ளிக் கட்டடம், உதவித்தொகை, செவித்துணைக் கருவி ஆகியவையே பெரும்பாலும் முன் வைக்கப்படுகின்றன. இவை அனைத்தும் தேவையே. ஆயினும் சிறப்புப் பள்ளியின் அடிப்படைப் பிரச்சினை இவற்றில் இல்லை. ஆறு வயதில் முதல் வகுப்பில் சேரும் குழந்தை எந்த மொழியும் இல்லாமல் வருகிறது என்பதே அப்பிரச்சினை.

கேட்கும் குழந்தை சில ஆயிரம் சொற்களோடு பள்ளிக்கு வருகிறது. அவற்றை அதற்கு யாரும் பாடமாக நடத்தவில்லை. அடுப்பங்கரையிலும் தெருவிலும் காதில் விழுந்தவை அவை. காது கேளாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். பெற்றோரின் மொழி குழந்தைக்கு எட்டுவதில்லை. குழந்தைக்கு எட்டக்கூடிய சைகை மொழியைப் பெற்றோர் அறிவதில்லை.

பல மொழிச் சூழல்

ஹைதராபாத் மாநகரின் வடபகுதியிலுள்ள அல்வாலை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தனி நகராட்சியாக இருந்து 2007இல் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட பகுதி இது. இங்கும், அடுத்துள்ள போலாரம், செகந்திராபாத் கண்டோன்மெண்ட் பகுதிகளிலும் தெலுங்கு, உருது, இந்தி, தமிழ் பேசும் குடும்பங்கள் கலந்து வாழ்கின்றன. கேட்கும் குழந்தை இச்சூழலில் இரண்டு மூன்று மொழிகளைத் தானாகவே கற்றுக்கொள்கிறது. கேளாத குழந்தைக்கோ வீட்டில் தமிழ், வகுப்பில் தெலுங்கு, பாடநூலில் ஆங்கிலம் என்பது மூன்று தனித்தனிச் சுவர்களாகிவிடும்.

உதட்டசைவைக் கண்டு பேச்சை அறியலாமே என்று சிலர் கருதலாம். தமிழில் 'பாடு', 'மாடு' ஆகிய இரு சொற்களுக்கும் உதட்டசைவு ஒன்றே. தெலுங்கில் பாடலைக் குறிக்கும் 'பாட்ட' என்பதும், சொல்லைக் குறிக்கும் 'மாட்ட' என்பதும் அவ்வாறே. ககரம் போன்ற ஒலிகள் வாயின் உட்புறத்தில் பிறப்பதால் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. முன்னரே மொழி அறிந்தவர் விடுபட்டதை ஊகித்து நிரப்பிக்கொள்வார். மொழி அறியாத குழந்தை எதைக் கொண்டு நிரப்பும்? 'அவனை', 'அவனுக்கு', 'அவனால்' என்னும் உருபு வேறுபாடுகள் பிடிபடாததால், பத்தாம் வகுப்பை எட்டியும் ஒரு பத்தியைப் படித்துப் பொருள் கொள்ள இயலாத நிலை ஏற்படுகிறது.

முறைகளும் மாற்றங்களும்

1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, கேளாதோர் கல்வியில் வாய்மொழி முறையே சிறந்தது எனத் தீர்மானித்தது. அதன் விளைவாகப் பல நாடுகளின் வகுப்பறைகளிலிருந்து சைகை மொழி விலக்கப்பட்டது. 2010இல் வான்கூவரில் கூடிய பன்னாட்டு மாநாடு அத்தீர்மானங்களைப் புறக்கணித்தது. இந்திய சைகை மொழி வெறும் கையசைவுகளின் தொகுப்பன்று. தனக்கென இலக்கணம் உடையது. வினாச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வருவது அதன் இயல்புகளுள் ஒன்று.

வாய்மொழி முறை பயனற்றது என்பது இதன் பொருளன்று. சென்னையில் 1969இல் தொடங்கப்பட்ட பாலவித்யாலயா, மிக இளம் வயதிலேயே கருவி பொருத்தி, தாயையும் பயிற்சியில் ஈடுபடுத்திப் பேச்சு மொழியை வளர்த்து வருகிறது. இரு முறைகளுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்றே: தொடக்கம் விரைவாக இருத்தல் வேண்டும். பிறந்த 1 மாதத்திற்குள் பரிசோதனை, 3 மாதத்திற்குள் உறுதி செய்தல், 6 மாதத்திற்குள் பயிற்சி தொடங்குதல் என்பது உலகளவில் ஏற்கப்பட்ட நெறி.

சட்டமும் இடைவெளியும்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுடைய குழந்தைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமை அளிக்கிறது. சைகை மொழி அறிந்த ஆசிரியர்களை நியமிக்கவும், இரண்டாம், மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்களிக்கவும் வகை செய்கிறது. ஆனால் மொழி வேரூன்றும் பருவம் பிறப்பு முதல் ஐந்து வயது வரை. உரிமை தொடங்கும் வயதில் அப்பருவம் முடிந்துவிடுகிறது. பொருளாதார நோக்கில் பார்த்தால், முதல் ஐந்து ஆண்டுகளில் செய்யாத செலவைப் பின்வரும் பன்னிரண்டு ஆண்டுகளில் பன்மடங்காகச் செய்தும் முழுப் பயன் பெற இயலாது.

இவ்விடைவெளியை நிரப்பும் அமைப்புகள் ஓரளவு உள்ளன. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் பரிசோதனைகளில் பிறவிச் செவிடும் அடங்கும். ஹைதராபாதைச் சேர்ந்தவரும் உஸ்மானியா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவருமான அலி யாவர் ஜங் பெயரால் 1983இல் மும்பையில் நிறுவப்பட்ட தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் செகந்திராபாத் மனோவிகாஸ் நகரில் உள்ளது. 2015இல் புதுதில்லியில் தொடங்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2021இல் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டது. பாடநூல்களைச் சைகை மொழியில் ஆக்க 2020இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவுடன் உடன்பாடும் செய்துகொண்டது.

செய்ய வேண்டுவன

முதலாவது, பரிசோதனையில் கண்டறியப்பட்ட குழந்தை அங்கன்வாடி வழியாகப் பயிற்சி மையத்தை அடைகிறதா என்பதைத் தொடர்ந்து கண்காணித்தல். இரண்டாவது, பெற்றோருக்கும் உடன்பிறந்தாருக்கும் வீட்டு மொழியிலேயே விளக்கிச் சைகை மொழி கற்பித்தல். மூன்றாவது, காது கேளாத ஆசிரியர்களை நியமித்தல். குழந்தைகளுக்கு அவர்களே சரளமான மொழி மாதிரியும் வாழ்க்கை மாதிரியும் ஆவர். நான்காவது, செவித்துணைக் கருவி வழங்குவதோடு நில்லாமல், மின்கலம், பழுதுபார்ப்பு, குழந்தை வளர வளர மாற்ற வேண்டிய காது அச்சு ஆகியவற்றுக்கும் நிதி ஒதுக்குதல். மின்கலம் தீர்ந்த கருவி வெறும் சுமையே.

செலவில்லாத சீர்திருத்தங்களும் உண்டு. மாணவர்கள் ஒருவரையொருவர் காணுமாறு அரைவட்டமாக அமர்த்துதல், ஆசிரியர் முகத்தில் வெளிச்சம் படுமாறு நிற்றல், கரும்பலகையை நோக்கிப் பேசாதிருத்தல் ஆகியவற்றை நாளையே தொடங்கலாம்.

பள்ளிகளை ஆய்வு செய்யும் அலுவலர்கள் எத்தனை கருவிகள் வழங்கப்பட்டன என்று கேட்பதோடு, எத்தனை குழந்தைகள் தம் வீட்டாருடன் உரையாட முடிகிறது என்றும் கேட்க வேண்டும். திட்டத்தின் வெற்றியை அளக்க அதனினும் சிறந்த அளவுகோல் இல்லை.