ஊசிக்கு முன் ஒரு மாயக் கையுறை

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. தலசீமியா. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். முதல் நாள் இரவே அழத் தொடங்கிவிடுகிறாள். சுய ஹிப்னாடிசம் பழக்கலாம் என்கிறார்கள். குழந்தையை மயக்குவது சரியா டாக்டர்?

பதில்: இதில் மயக்கம் எதுவும் இல்லையம்மா. சொப்பு வைத்து விளையாடும்போது நீங்கள் கூப்பிடுவதுகூட அவள் காதில் விழாது அல்லவா? அதே ஆழ்ந்த ஈடுபாடுதான் இது. வேண்டிய நேரத்தில் அதைத் தானே வரவழைத்துக்கொள்ளக் குழந்தை பழகுகிறாள். நினைத்தால் உடனே வெளியே வந்துவிடலாம்.

அமெரிக்காவில் டாக்டர் கேரன் ஓல்னஸ் குழுவினர் ஒற்றைத் தலைவலியுள்ள 28 குழந்தைகளிடம் இதைச் சோதித்து 1987-இல் வெளியிட்டார்கள். மூன்று மாதத்தில் ஒரு குழந்தைக்குச் சராசரியாக வந்த தலைவலி, போலி மாத்திரையில் 13 முறை, புரோப்ரனலால் மருந்தில் 15 முறை. சுய ஹிப்னாடிசத்துக்குப் பிறகு 6-க்கும் குறைவு. ஆனால் வந்த வலியின் கடுமை குறையவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் மகளின் ஊசி பயத்துக்கு, இந்தப் பயிற்சியில் 'மாயக் கையுறை' என்ற முறை பொருந்தும். கண்ணுக்குத் தெரியாத ஒரு கையுறையை, ஒவ்வொரு விரலாகத் தடவி, அவள் கையில் மாட்டிவிடுங்கள். உள்ளே கை மெல்ல மரத்துப்போவதாக அவளே கற்பனை செய்யட்டும். நிறம் அவள் விருப்பம். முதலில் குழந்தை மனநல நிபுணரிடம் கற்றுக்கொண்டு, ஊசி இல்லாத நாட்களில் வீட்டில் தினமும் பத்து நிமிடம் பழகுங்கள். "வலிக்கவே வலிக்காது" என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். இதைப் பழகினாலும், ரத்தம் ஏற்றுவதும், இரும்புச்சத்தை வெளியேற்றும் மருந்தும் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது.