ஸ்பெயின் செல்லும் யாத்திரிகருக்குச் சில சொற்கள்

மாட்ரிட் நகரத்துச் சிறு கடையொன்றினுள் நுழைகிறவர், வேண்டிய பண்டத்தைக் கேட்பதற்கு முன்னதாக, மத்தியான போஜன வேளை வரையில் 'புவேனோஸ் தியாஸ்' என்றும், அதன் பின் இருட்டும் வரையில் 'புவேனாஸ் தார்தேஸ்' என்றும் வந்தனம் கூறிவிடுவது அவசியம். கூறாமல் நேரே விலை விசாரிப்பது அங்கே மரியாதைக் குறைவாகத் தோன்றும். விலை கேட்க 'குவாந்தோ குவெஸ்தா', நன்றிக்கு 'கிராத்தியாஸ்'.

போஜனசாலையில்தான் அதிக ஜாக்கிரதை வேண்டும். உண்டு முடித்து நெடுநேரம் உட்கார்ந்திருப்பினும், விருந்தினரை விரட்டுவது போலாகுமென்று பணியாளர் தாமாகப் பில்லைக் கொண்டுவருவது அபூர்வமாதலால், 'லா குவெந்தா, போர் ஃபவோர்' என்று நாமே கேட்டுவிட வேண்டும். சைவ உணவினர் 'சோய் பெஹெத்தாரியானோ' (பெண்களாயின் 'பெஹெத்தாரியானா') என்பதோடு நின்றுவிடலாகாது. காய்கறிக் கலவையில் சூரை மீனும், பருப்புக் குழம்பில் பன்றியிறைச்சித் துண்டும் கிடக்கக் கூடுமாகையால், 'சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ', அதாவது இறைச்சி, பன்றித்தொடை, மீன் யாதொன்றும் கூடாதென்று விஸ்தாரமாகவே சொல்லுவது உத்தமம். 'தோர்த்தியா' என்பதும் அங்கே உருளைக்கிழங்கு சேர்ந்த முட்டை அடையே.

உச்சரிப்பைப் பற்றித் தமிழர் அஞ்ச வேண்டுவதில்லை. ஆங்கிலேயர் திணறும் மெல்லிய தகரம் நமக்கு ஸ்வபாவமாகவே வருவது. வந்தனச் சொல்லொன்றை 'ஹோலா' என்பது போல் எழுதியிருப்பினும் 'ஓலா' என்றே சொல்லுக. மறுமொழி வேகமாக வந்தால், 'மாஸ் தெஸ்பாத்தியோ, போர் ஃபவோர்' என்று நிதானிக்கக் கேட்கலாம். உதவிக்கு 'அயூதா', ஆபத்துக்கான தொலைபேசி எண் 112.